கேரம் பலகையில் ஒரு ஹெலிகாப்டர்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் எனக்கு இரண்டு பட்டங்கள். திங்கள் முதல் சனி வரை பால் லோரி டைவர். ஞாயிற்றுக்கிழமை கேரம் சாம்பியன். முதலாவதற்குச் சம்பளம் உண்டு, இரண்டாவதற்கு ஒன்றும் கிடையாது. ஆனாலும் யாராவது வெளியூர்க்காரர் வந்து "லோரி ஓட்டுறவர் வீடு எது?" என்று கேட்டால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். "கேரம் ஆடுவாரே, அவரா?" என்று லயத்து வரிசை வீடுகளில் யாராவது திருத்தினால்தான் மனசு ஆறும்.

எண்பதுகளின் கடைசி. மலேசியாவில், லுக்குட் டவுனிலிருந்து உள்ளே திரும்பும் செம்மண் சாலையில் எங்கள் தோட்டம். கிளப் என்று நாங்கள் சொன்னது கோயிலுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறையைத்தான். உள்ளே ஒரு பழைய டிவி, நாலு பெஞ்சு, எண்ணெய் டிரம்மின் மேல் கேரம் பலகை. அந்தப் பலகை வந்த நாளிலிருந்து அதுவரை டிரம்மைவிட்டு நகர்ந்ததில்லை.

கிளப்புக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. ஜெயித்தவன் எழுந்திருக்க வேண்டாம். தோற்றவன்தான் எழுந்து அடுத்தவனுக்கு இடம் விடுவான். வருஷ சாம்பியனுக்கு அந்த உரிமை வருஷம் முழுக்க உண்டு. முதல் வருஷப் போட்டியில் நான் தற்செயலாகத்தான் சன்னல் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அதன் பிறகு இரண்டு வருஷமாக அங்கே வேறு யாரும் உட்காரவில்லை. எனக்கு எதிரே வலது மூலையில் இருந்த பைக்கு 'டைவர் பை' என்றே பெயராகிவிட்டது. சிவப்பு காய் எங்கே கிடந்தாலும் கடைசியில் அங்கே போய் விழும். அது என் விரலின் மகிமை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறுதான் போட்டி. மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்தால் கோப்பை திரும்பிப் போகாது, வீட்டிலேயே தங்கிவிடும். நான் இரண்டு முறை ஜெயித்திருந்தேன். மூன்றாவதற்கு ஒரு மாதம் இருக்கும்போதே அலமாரியின் மேலிருந்த ரேடியோவை இறக்கிக் கீழே வைத்துவிட்டேன். கோப்பைக்கு இடம் வேண்டுமே. "இன்னும் ஆடவே இல்ல, அதுக்குள்ள ரேடியோவ வீட்ட விட்டுத் தொரத்துறீங்க" என்றாள் மனைவி. காலையில் பால் மரம் வெட்டிவிட்டு வந்து ரேடியோ கேட்டுக்கொண்டே சமைப்பவள் அவள். அவளுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

இந்தச் சமயத்தில்தான் அவள் தம்பி, என் மச்சினன், மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான். எங்கள் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். சிரம்பானில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை, அந்த ஊரிலேயே லோபாக்கில் வாடகை அறை. அவனுக்கு மேலே இருந்த ஜப்பான்காரர் ஊருக்குத் திரும்பும்போது, திறக்காத அந்தப் பெட்டியை இவனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பெட்டியின் மேல் ஹெலிகாப்டர் படம். கையில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு தூரத்தில் நின்றே பறக்கவிடலாமாம். அந்த ஜப்பான்காரர் திடலில் தம்முடையதைப் பறக்கவிடும்போதெல்லாம் கூட நின்று, கொஞ்சம் கையில் வாங்கியும் பழகியிருந்தான்.

உள்ளே ஹெலிகாப்டர் இல்லை. பொட்டலம் பொட்டலமாகத் திருகாணி, பல்சக்கரம், கம்பி, இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகள். புத்தகம் முழுக்க ஜப்பானிய எழுத்து. நல்லவேளை, படங்கள் இருந்தன.

"முதல்ல எலும்புக்கூட்டத்தான் கட்டணும் மாமா" என்றான் மச்சினன். "ரெண்டு தகடும் ரெண்டு பக்கம். நடுவுல தூண் மாதிரி இந்தக் குழாயிங்க. மேல ஒரு பேரிங், கீழ ஒரு பேரிங். அதுக்குள்ளாற இந்த நடுக்கம்பி நேரா எறங்கணும். எறக்கைய சுத்துறது இதுதான். சட்டம் ஒரு மயிரிழை கோணினாலும் கம்பி இறுகிக்கும்."

"இவ்வளவுதானே?" என்றேன். பதினோரு வருஷம் லோரி ஓட்டியவனிடம், அதுவும் பாதி நாள் லோரிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தவனிடம், இதெல்லாம் ஒரு வேலையா?

"சமமான இடத்துல வெச்சு முடுக்கணும் மாமா. தரை ஆகாது, மேடு பள்ளம்." அவன் சுற்றிலும் பார்த்தான். "அந்த கேரம் போர்டு மேல வெச்சுப் பண்ணலாம்லா?"

பலகை அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தது. கிளப் கூரை ரொம்ப நாளாக ஒழுகியதால் தீபாவளிக்கு முன் தகரம் மாற்ற ஆரம்பித்திருந்தார்கள். தோட்டத்துக் கங்காணியான மண்டோர்தான் கிளப்பையும் பார்த்துக்கொள்பவர். அவர், "சாம்பியன் வீட்டுல இருந்தாதான் பத்திரம் டைவரு" என்று என்னிடம் ஒப்படைத்திருந்தார். இந்த மச்சினனுக்கும் எவ்வளவு அறிவு என்று அப்போது நினைத்தேன். தோட்டத்திலேயே அதைவிடச் சமமான பொருள் எது?

பலகையை மேசைமேல் போட்டேன். 'டைவர் பை' எங்கே என்று தேட வேண்டியதில்லை, அதன் பக்கத்து மரச்சட்டத்தில் கொசுவத்தி சுட்ட கறை உண்டு. அந்த மூலை என் கைக்குப் பக்கத்தில் வருமாறு திருப்பிக்கொண்டு, பாசத்தோடு அதன் ஓரத்திலேயே வேலையைத் தொடங்கினேன். அதில் ஒரு வசதியும் கண்டேன். கைதவறி விழுந்த திருகாணியெல்லாம் மெல்ல உருண்டு வந்து அந்தப் பைக்குள் விழுந்தது. தேடவே வேண்டாம், பைக்குள் கைவிட்டால் போதும். "பாத்தியா மச்சான், போர்டு எவ்ளோ வசதி!" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஆமா மாமா" என்று குனிந்துகொண்டான்.

முதல் ஞாயிறு மதியம் முழுவதும் சட்டம் கட்டினோம். தகடுகளைப் பலகைமேல் நிற்க வைத்து, நான் இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்க, அவன் ஒவ்வொரு திருகாணியாக முடுக்கினான். கீழே தரையில் நிற்பதற்கான இரண்டு கால்களையும் மாட்டினோம். பார்ப்பதற்கு வெட்டுக்கிளி மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மச்சினன் நடுக்கம்பியை மேலிருந்து விட்டான். மேல் பேரிங்கில் வழுக்கிக்கொண்டு போனது. கீழ்ப் பேரிங்கின் வாயில் போய் இடித்துக்கொண்டு நின்றது.

"நீ முடுக்கினது சரியில்ல" என்றேன்.

"நீங்க புடிச்சது சரியில்லயோ என்னமோ" என்றான், மரியாதையாக.

அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் கழற்றி மறுபடி கட்டினோம். இந்த முறை நான் முடுக்கினேன், அவன் பிடித்தான். கம்பி இறங்கியது, ஆனால் சுற்றவில்லை. நான் ஜப்பான்காரரைத் திட்டினேன். மூன்றாவது முறை எண்ணெய் போட்டேன், தட்டிப் பார்த்தேன், பேரிங்கைக் கழுவினேன். கம்பி அசையவில்லை. அதற்குள் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். சட்டத்தைத் தூக்கித் தரையில் வைத்தேன். அது 'டக் டக்' என்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஆடியது.

மறுபடி தூக்கிப் பலகையில் அதே இடத்தில் வைத்தேன். ஆடவில்லை. நாலு முனையும் ஒட்டிக்கொண்டு நின்றது.

"பாரு! நம்ம வேலை சரியாத்தான் இருக்கு" என்றேன். "தரைதான் கோணல்."

அடுப்படியிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சட்டத்தை எடுத்து அலமாரிமேல் வைத்தாள். டக் டக். சன்னல் திட்டில் வைத்தாள். டக் டக். வாசலில் சிமெண்டு படியில் வைத்தாள். அங்கேயும் ஆடியது. திரும்பக் கொண்டுவந்து பலகையில் வைத்தாள். அசையவில்லை.

"ஏங்க, ஊருல இருக்குற எல்லாமே கோணலு, இது ஒண்ணுதான் நேரா?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் சாமான் டின்னிலிருந்து ஒரு இரும்புக் குண்டை எடுத்தாள். லோரியின் பழைய பேரிங்கிலிருந்து நான் எடுத்துவைத்த குண்டு. பலகையின் நடுவில் வைத்து விரலை எடுத்தாள். அது கொஞ்சம் யோசித்த மாதிரி நின்றது. பிறகு மெல்ல நகர்ந்து, வேகம் பிடித்து, கொசுவத்திக் கறையைத் தாண்டி என் பைக்குள் விழுந்தது.

"மேசை சாஞ்சிருக்கும்" என்றேன்.

மச்சினன் பலகையை அப்படியே அரைவட்டம் திருப்பி வைத்தான். என் பை இப்போது மேசையின் மறுபக்கம். மனைவி மறுபடி குண்டை நடுவில் வைத்தாள். அது எதிர்ப்பக்கமாக உருண்டது. அதே கறையைத் தாண்டி, அதே பைக்குள். மேசை பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. கிளப் கூரையின் ஒழுகல் எந்த மூலையில் சொட்டியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். மழை நாளில் அந்த மூலையைத் துடைத்துவிட்டு ஆடியவனே நான்தான். நனைந்து நனைந்து அந்த மூலை இறங்கிவிட்டிருக்கிறது.

மச்சினன் சன்னல் வழியாகப் பப்பாளி மரத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ அந்த ரெண்டு வருஷமும்..." என்று ஆரம்பித்த மனைவி என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

சுவரிலிருந்து எங்கள் கல்யாணப் படத்தை இறக்கி, அதன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்ததும் அவள்தான். லயத்தில் அதைவிடச் சமமான பொருள் இல்லை என்பது உண்மையில் அந்தக் கண்ணாடிக்குத்தான் பொருந்தும். அதை வேறொரு கனமான மரப்பலகையின்மேல் போட்டு, திருகாணிகளைத் தளர்த்தி, நடுக்கம்பியை முதலில் விட்டு, அது சுற்றச் சுற்ற ஒவ்வொன்றாக முடுக்கினோம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கம்பியை விரலால் சுண்டினேன். சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. மச்சினன் துள்ளிக் குதித்தான். எனக்குச் சிரிக்கக்கூட வரவில்லை.

போட்டிக்கு இன்னும் ஒரு வாரம்தான். அந்த வாரம் முழுவதும் லோரியில் பால் ஏற்றிக்கொண்டு போகும்போது அதே நினைப்புத்தான். மூடி மறைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? கிளப்பில் பலகை மறுபடி டிரம் மேல் ஏறும், நான் என் பெஞ்சில் உட்காருவேன், கோப்பை வீட்டுக்கு வந்துவிடும். மனைவி சொல்ல மாட்டாள். மச்சினன் வாய் திறக்கவே மாட்டான். எனக்கு முன்பே தெரியுமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். சத்தியமாகத் தெரியாது. ஆனால் என் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. எதிர்ப்பக்கம் காய் நின்றால்கூட நான் அந்தப் பையைத்தான் தேடியிருக்கிறேன்.

புதன்கிழமை வேலை முடிந்து வந்து மனைவியைக் கூப்பிட்டேன். "வா, ஒரு போர்டு ஆடு. நீ என் பக்கம் உக்காரு." அவள் கிளப்பில் ஆடியதே இல்லை, பெண்கள் அங்கே ஆடுவதில்லை. அவள் ஸ்ட்ரைக்கரை ஏதோ கொசுவை விரட்டுவது மாதிரி தட்டுவாள். என் இடத்தில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே, என்னை இரண்டு போர்டு தோற்கடித்தாள். சிவப்பு காய் இரண்டு முறையும் அவளுக்கு. எனக்கு அழுகை வராத குறை. அவளோ, "நானும் சாம்பியன்தான் போல" என்று சொல்லிவிட்டு ரேடியோவை எடுத்து மறுபடி அலமாரிமேல் வைத்தாள்.

சாயந்திரமே மண்டோரிடம் போய்ச் சொன்னேன். குண்டையும் காட்டினேன்.

"நீ ஏம்பா உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கிற?" என்றார் அவர். "யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. ஒவ்வொரு போர்டுக்கும் ரெண்டு பேரும் எடம் மாறி உக்காரணும். இந்த வருஷம் அப்படி ஆடுவோம்."

"சாம்பியன் எழுந்திரிக்கிறதா?" வழக்கம் போய்விடுகிறதே என்று அவருக்கு என்னைவிட வருத்தம். ஆனால் ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை புதுத் தகரத்தின் கீழ் கிளப் நிறைந்திருந்தது. நானே எழுந்து நின்று சொன்னேன். பின்னாலிருந்து ஒருவன் "அப்போ டைவர் பை இல்ல, ஒழுகல் பை" என்றான். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. எனக்கு அவனை ஓங்கி அறையலாம் போலிருந்தது. அறையவில்லை, ஏனென்றால் நானும் சிரித்துவிட்டேன்.

இடம் மாறி மாறி ஆடியும் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டேன், அதைச் சொல்லாமல் விட மாட்டேன். இறுதி ஆட்டத்தில் எதிரே மச்சினன். முந்திய இரண்டு வருஷமும் என்னிடம் தோற்றவன் அவன்தான். மூன்றாவது போர்டில் சிவப்பு காய் நடுவில் நின்றது. நான் சன்னலுக்கு எதிர்ப்பக்கம் இருந்தேன். நிதானமாகத்தான் அடித்தேன். காய் பையின் உதட்டில் போய் நின்றுகொண்டது. மச்சினன் அதைத் தட்டிப் போட்டான். கோப்பை அவன் கைக்குப் போனது. எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று சொன்னேன். மனைவி தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்ததும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

தீபாவளிக்கு மறுநாள் காலை, பள்ளிக்கூடத் திடலில் ஹெலிகாப்டரை இறக்கினோம். எஞ்சின், இறக்கை, வால் எல்லாம் மச்சினன் லோபாக்கில் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். கவிழாமல் இருக்கக் கால்களின் கீழே மூங்கில் குச்சிகளைக் குறுக்காகக் கட்டியிருந்தான். லயத்தில் பாதிப் பேர் புதுத்துணியோடு வந்து நின்றார்கள். எஞ்சின் இரைந்தது. புல் படுத்துக்கொண்டது. வெட்டுக்கிளி முட்டி உயரம் எழும்பி, அப்படியே நின்றது. சட்டத்தில் ஒரு நடுக்கம் இல்லை. என் கையால் அழுத்திப் பிடித்த தகடு, நான் முடுக்கிய திருகாணி, எல்லாம் காற்றில் நிற்கின்றன.

மச்சினன் கண்ணை ஹெலிகாப்டரிலிருந்து எடுக்காமலே பேசினான்.

"மாமா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"அந்த போர்டு சாய்வா இருக்குறது எனக்குப் போன வருஷமே தெரியும்."

நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன்.

"மொத ஞாயித்துக்கிழமயே திருகாணி உருண்டு உங்க பையில விழுந்துச்சு. பாத்துடுவீங்க, நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா போர்டு வசதியா இருக்குன்னீங்க. சட்டமே கோணிப் போவும்னு நான் நெனக்கவே இல்ல மாமா."

"நேரா சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா?"

"அக்கா வீட்டுக்காரர்கிட்ட எப்படிச் சொல்றது? தோத்தவன் வயித்தெரிச்சல்ல பேசுறான்னு நெனப்பீங்க."

நினைத்திருப்பேன். அவனைக் கிழிகிழியென்று கிழித்திருப்பேன். ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, ஜப்பானிலிருந்து வந்த பெட்டியை என் மேசைமேல் வைத்து, மூன்று வாரம் கோணல் சட்டத்தோடு என் திட்டையும் வாங்கியிருக்கிறான் பயல். கோப்பையையும் வாங்கிக்கொண்டான், அது வேறு விஷயம்.

ஹெலிகாப்டர் மெல்ல இறங்கிப் புல்லில் உட்கார்ந்தது. நான் போய் அதை நிறுத்தி, மூங்கிலை அவிழ்த்து, திடலோரத்துச் சிமெண்டு மேடையில் தூக்கி வைத்தேன். ஆடவில்லை.

"அடுத்த வருஷத்துக்குப் புதுப் போர்டு வாங்கணும்னு மண்டோர் சொன்னாரு" என்றேன். "சிரம்பான்ல நல்லதாப் பாத்து நீயே வாங்கிட்டு வா."

"சரி மாமா."

"கடைக்கு நானும் வர்றேன். கோப்பைய நல்லா தொடச்சு வெச்சிரு."

இரும்புக் குண்டு அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது. "இத நடுவுல வெச்சுப் பாத்துட்டுத்தான் காசு குடுக்கணும்" என்று எடுத்து அவனிடம் காட்டினேன்.